கட்டளையும் பேச்சும்

திருவேங்கடத்தில் எனக்குத் தேள் கொட்டியபோது பத்து வயது. பருத்திமார் அடுக்கியிருந்த இடத்தில் கை வைத்துவிட்டேன். பார்வை பார்க்கிற தாத்தா வேப்பங்குழையால் தோளிலிருந்து விரல் நுனி வரை தடவி இறக்கினார். மந்திரம் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை. "ஏய்யா, உங்க வெள்ளாடு எத்தனை குட்டி போட்டிருக்கு?" என்று கேட்டார். மூன்று என்றேன். "மூணுக்கும் பால் காணுதா? கடைசிக் குட்டி முட்டி முட்டிக் குடிச்சிட்டு, அலுத்துப்போய், அங்கனயே தூங்கிப்போகுமே, பாத்திருக்கியா?" குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில் கேட்டார்: "கடுப்பு இப்ப எங்க நிக்கு?" முழங்கையில் என்றேன். கொஞ்சம் கழித்து, மணிக்கட்டில் என்றேன். அந்தக் கேள்விக்குள் கடுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற செய்தி ஒளிந்திருந்ததை நான் உணர முப்பது வருஷங்கள் பிடித்தன.

ஹிப்னாடிஸத்துக்கு நாம் வைத்திருக்கும் மனோவசியம் என்ற பெயர், வசியம் செய்கிற ஒருவனையும் ஆட்படுகிற ஒருவனையும் முன்கூட்டியே கற்பித்துவிடுகிறது. இதன் சரித்திரம் பெரும்பாலும் அந்தக் கற்பிதத்தோடு நடந்த வழக்குதான். மெஸ்மர் தன் கையிலிருந்து ஒரு காந்தத் திரவம் பாய்வதாக நம்பினார். 1784ல் பிராங்க்ளின் அங்கம் வகித்த பிரெஞ்சுக் குழு, திரவம் எதுவும் இல்லை, விளைவுகள் கற்பனையால் நேர்பவை என்று தீர்ப்புச் சொன்னது. கற்பனைக்கு அவ்வளவு சக்தி உண்டென்றால் அதுவல்லவா ஆராய வேண்டிய விஷயம் என்று குழு யோசிக்கவில்லை. யோசித்தவர் கோவாவில் 1756ல் பிறந்த ஃபாரியா பாதிரியார். 1813ல் பாரிஸில் நடத்திய சொற்பொழிவுகளில், துயில் வருவது துயில்பவனுடைய மனத்திலிருந்தே என்றார். ஆனால் அவர் கையாண்ட முறை என்னவோ உரத்த கட்டளைதான்: தூங்கு!

நம் நாட்டில் இது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது 1845 ஏப்ரலில், வங்காளத்து ஹூக்ளியில். கம்பெனி டாக்டரான ஜேம்ஸ் எஸ்டெய்ல் முதலில் மயக்கியது சிறைக்கைதி ஒருவரை. எட்டு மாதங்களில் 73 அறுவைகளை வலியின்றிச் செய்ததாகக் கணக்குக் கொடுத்தார். இருட்டறையில் நோயாளியைக் கிடத்தி, உள்ளூர் உதவியாளர்கள் மணிக்கணக்கில் உடலை நீவுவார்கள். பேச்சு கிடையாது. என்ன நடக்கப்போகிறது என்று நோயாளியிடம் சொல்வதும் கிடையாது. ஹூக்ளியில் மந்திரவாதி ஒருவர் குழையால் நீவி ஊதியதைப் பார்த்த எஸ்டெய்ல், தான் செய்வதும் இதுவும் ஒன்றே எனக் கண்டுகொண்டார். அந்த நேர்மை பெரிது. 1846 நவம்பரில் கல்கத்தாவில் அவருக்கென்று ஆஸ்பத்திரி திறந்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் பாஸ்டனில் ஈதர் வெற்றி பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு குளோரோஃபார்மும் வந்தது. நீவும் கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இதற்கிடையில், ஹிப்னாடிஸம் என்ற பெயர் நிலைபெறக் காரணமான புத்தகத்தை ஜேம்ஸ் பிரெய்ட் 1843ல் வெளியிட்டார். மரபான ஹிப்னாடிச சிகிச்சை அவருக்குப் பின் ஒரு சடங்காக உருப்பெற்றது. ஒரு புள்ளியை உற்றுப் பார், இமை கனக்கிறது, எண்ணுகிறேன், ஆழ்ந்து போகிறாய், வலி இல்லை, விழித்துக்கொள். தொடக்கமும் முடிவும் அறிவிக்கப்பட்டவை. எதிர்க்கிறவன் லாயக்கற்றவன் என்று ஒதுக்கப்பட்டான்.

உரையாடல் வழி ஹிப்னாடிஸம் என்று இன்று சொல்லப்படுவது மில்டன் எரிக்சனிடமிருந்து (1901-1980) வருகிறது. பதினேழு வயதில் போலியோவால் படுக்கையில் கிடந்து, வீட்டார் பேசுவதையும் சொல்லாமல் விடுவதையும் கவனித்தே காலம் கழித்தவர். 1966ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், முகத்தில் புற்றுநோய் கண்ட பூ வியாபாரி ஒருவர் வருகிறார். ஹிப்னாடிஸம் என்ற சொல்லையே வெறுப்பவர். எரிக்சன் அவரிடம் தக்காளிச் செடி வளர்வதைப் பற்றி நெடுநேரம் பேசினார். விதை, மழை, வேர் என்று போகும் பேச்சில் நிம்மதி, இதம், ஓய்வு ஆகிய சொற்களைச் சற்றே குரல் மாற்றி ஊன்றிக்கொண்டு போனார். நோயாளியின் தொழிலும் அவருடைய வெறுப்பும்கூட சிகிச்சைக்கான சரக்காகிவிட்டன. மரபு முறை விலக்கி வைத்ததை இது எடுத்தாள்கிறது. வித்தியாசம் அடிப்படையில் இவ்வளவுதான். மறைமுகச் சொல் நேர்ச்சொல்லைவிட வலியது என்று பிற்காலப் பரிசோதனைகள் நிலைநாட்டவில்லை.

எழுதுகிறவர்களுக்கு இதில் அக்கறை இருக்க வேண்டும். நம் மேடைப் பேச்சு கட்டளை மரபைச் சேர்ந்தது. அடுக்குமொழியில் இமை கனத்துப்போன ஒரு தலைமுறையை நாம் அறிவோம். அதற்கு மாற்றாக, தணிந்த குரலில் கதை சொல்லும் எழுத்தை மேன்மையானதாகக் கருதிவந்தோம். ஆனால் கட்டளை தன்னைக் கட்டளை என்று அறிவித்துக்கொண்டு வருகிறது, மறுக்கலாம். வாசல் தெரியாமல் உள்ளே வரும் பேச்சை எங்கே நின்று மறுப்பது? எரிக்சனுடைய மொழி உத்திகளைப் பிரித்தெடுத்து விற்பனைக்காரர்களுக்குப் பாடமாக்கினார்கள். எஸ்டெய்லின் இருட்டறையில் கைதியிடம் அனுமதி கேட்கப்படவில்லை. இனிய உரையாடலிலும் அது கேட்கப்படாமல் போகலாம்.

பார்வை பார்க்கிற தாத்தாவிடம் போகிறவன் எதற்குப் போகிறோம் என்று தெரிந்தே போனான். மற்றொன்றும் நினைவில் இருக்கிறது. அடுத்த வருஷம் எங்கள் தெருக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்து, கைகால் சில்லிட்டிருந்தது. தாத்தா குழையைக் கீழே போட்டார். "இது செந்தேளு. நம்ம சோலி இல்ல. சங்கரன்கோவிலுக்கு வண்டியப் பூட்டுங்க" என்றார். குழந்தை பிழைக்கவில்லை. செந்தேள் விஷத்துக்குப் பிரசோசின் கொடுத்து உயிர் காக்கலாம் என்று மகாராஷ்டிரத்து மகாட்டில் டாக்டர் பாவஸ்கர் காட்டியது 1980களில்தான். தாத்தா அதற்குப் பிறகும் பார்வை பார்த்தார். ஆனால் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வந்தவன் நெற்றியையும் உள்ளங்காலையும் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.