விறைப்பு மருந்தும் துணைமருந்தும்

1898ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள், ஜேர்மனியின் கீல் நகரில் ஒகஸ்ட் பீர் என்னும் வைத்தியர், நோயாளி ஒருவரின் முள்ளந்தண்டு நீரிற் கொக்கேயினைச் செலுத்தி, நோவறியாவண்ணம் அவரது கணுக்காலிற் சத்திரசிகிச்சை செய்தார். எட்டாம் நாள் அவரும் உதவியாளரும் தம்மீதே அம்முறையைச் சோதித்துத் தலைநோவால் வருந்தினர். நன்மையோடு தீங்கும் அன்றே உடன்வந்தது.

விறைப்பு நீங்கினால் நோவு மீளும். அதனைத் தணிக்கவே துணைமருந்துகள் சேர்க்கப்பட்டன. மோர்பின் ஏறத்தாழ ஒரு நாள் நோவாற்றும். ஆயினும் அரிப்பும் குமட்டலும் தரும். அரிதாக மூச்சையும் தளர்த்தும். பென்ரனில் விரைந்து உதவிச் சில மணியில் அடங்கும். டெக்ஸ்மெடெற்றோமிடின் விறைப்பை நீட்டும், இதயத்துடிப்பையோ மந்தமாக்கக்கூடும், காலசைவும் தாமதித்தே திரும்பும்.

ஆதலின், நெடிது நிற்கும் மருந்தே சிறந்ததென்று கொள்ளற்க. நோயாளியின் உடல் தாங்கவல்லதே சிறந்தது.