கைதேர்ந்தவர்

'தேர்' என்னும் வினைக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல், தெளிதல் என்று பொருள். தேர்வு, தேர்தல், தேர்ச்சி மூன்றும் அதில் கிளைத்தவை. ஆகவே, எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைக் கையே அறியும்படி பழகியவர்தான் கைதேர்ந்தவர். கொடைரோடு வட்டாரத்துப் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து செய்பவர் இதற்குச் சான்று. எத்தனை மொட்டு விட்டு வெட்டுகிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த காய்ப்பு அமையும்.

'அது வெறும் பழக்கந்தானே, படித்த நிபுணருக்கு ஈடாகுமா?' என்று கேட்கலாம். வெறும் பழக்கமென்றால் எல்லாக் கிளையையும் ஒரே அளவில் வெட்டிவிடலாம். தடித்த கிளைக்கும் மெலிந்த கிளைக்கும் கணக்கு வேறு. வடமொழிவழி வந்த 'நிபுணர்', 'வல்' அடியில் பிறந்த 'வல்லுநர்' இரண்டையும் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம். அறுவை மருத்துவரையும் கவாத்துக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் சொல் கைதேர்ந்தவர்தான்.