அமெரிக்க நாட்டார் கலையைச் சேர்த்த இரு பெண்கள்

அமெரிக்க நாட்டார் கலைப் பொருள்களைச் சேர்க்கப் புறப்படும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டு பெண்களில் ஒருவர் போட்ட தடத்தில்தான் நடக்கிறார். ஒருவர் ஆபி ஆல்ட்ரிச் ராக்ஃபெல்லர் (1874–1948), எண்ணெய்க் குபேரர் வீட்டு மருமகள். மற்றவர் எலெக்ட்ரா ஹேவ்மெயர் வெப் (1888–1960), சர்க்கரை ஆலை அதிபரின் மகள். பணத்துக்கு இருவருக்கும் குறைவில்லை. வேறுபாடு பார்வையில்தான்.

எலெக்ட்ரா பிறந்த வீட்டில் ரெம்பிராண்ட், மானே, டெகா ஓவியங்கள் சுவரை நிறைத்திருந்தன. அந்தப் பெண், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டில் ஒரு சுருட்டுக்கடை வாசலில் நின்ற மரச்சிலையை 15 டாலருக்கு வாங்கி வந்தார். தாய் லூயிசின் அதிர்ந்துபோனார். விற்பனையாளரோ விமர்சகரோ வழிகாட்டவில்லை. கண்ணுக்குப் பிடித்தது, வாங்கினார்.

ஆபி வந்த வழி வேறு. 1929இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தை நிறுவிய மூன்று பெண்களில் அவர் ஒருவர். மெய்ன் மாநிலத்து ஒகன்குவிட் கடற்கரையில் கோடை கழித்த நவீன ஓவியர்கள் பழைய மரச்சிற்பங்களையும் ஊர்ப்புற ஓவியங்களையும் மலிவாக வாங்கி மாட்டிவைத்தார்கள். தட்டையான வண்ணம், சுருக்கிய வடிவம் எனத் தாங்கள் தேடியதெல்லாம் அவற்றில் இருக்கக் கண்டார்கள். கலைக்கூடம் நடத்திய ஈடித் ஹால்பெர்ட் அதைப் பிடித்துக்கொண்டு, நவீன ஓவியத்தின் முன்னோர் இவையே என்று சொல்லி விற்றார். ஆபி அவரிடம்தான் நிறைய வாங்கினார். 1932இல் ஹோல்கர் கஹில் அமைத்த நாட்டார் கலைக் கண்காட்சியின் 175 பொருள்களில் ஒன்று தவிர மற்றதெல்லாம் ஆபியுடையவை. தம் பெயரை வெளியிடாமலே கொடுத்திருந்தார்.

இத்தகைய கண்காட்சிகளில், களஞ்சியக் கூரையில் காற்றுத் திசைகாட்டியாகச் சுழன்ற செப்புக் குதிரையைப் பீடத்தில் நிறுத்தியபோது, அதன் கழுத்து வளைவை மக்கள் முதன்முறையாக நின்று பார்த்தார்கள். அது பெரிய கொடை. ஆனால் பீடம் சொல்லாமல் விட்டதும் உண்டு. அத்தகைய காற்றுத் திசைகாட்டிகள் பல, மாசசூசெட்ஸின் வால்தம் போன்ற ஊர்ப் பட்டறைகளில் அச்சில் வைத்துத் தகடு அடித்து, விலைப்பட்டியல் அச்சிட்டு விற்கப்பட்டவை. தனியொரு கிராமத்தான் தன் மனம்போல் செதுக்கியது என்ற கற்பனைக்கு அந்த விலைப்பட்டியல் இடம் கொடுப்பதில்லை.

எலெக்ட்ரா 1947இல் வெர்மாண்டில் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். பொருளை மட்டுமல்ல, அது வாழ்ந்த சூழலையும் கொண்டுவர முயன்றார். கூரைவேய்ந்த பாலம், கலங்கரை விளக்கம், சிறைச்சாலை எல்லாம் பெயர்ந்து வந்தன. 220 அடி நீள டிகாண்டிரோகா நீராவிக் கப்பல், 1955இல் தண்டவாளம் போட்டு, இரண்டு மைல் தூரம் தரைமேல் இழுத்துவரப்பட்டது.

அவர் பார்வையின் பலன் மரவாத்துகளில் நன்றாகத் தெரிகிறது. பறக்கும் வாத்துகளை ஏய்த்துக் கீழிறக்க வேட்டைக்காரர்கள் நீரில் மிதக்கவிட்ட பொம்மைகள் இவை. கட்டடக் கலைஞர் ஜோயல் பார்பர் சேர்த்த மரவாத்துகள் ஷெல்பர்னுக்கு வந்தன. நூற்றுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் பார்க்கும்போது ஊருக்கு ஊர் உருவம் மாறுவதன் காரணம் பிடிபடுகிறது. மெய்ன் கடலில் அலை கடுமை. அங்கே வாத்து அகன்று, அடி தட்டையாக, கனமாக இருக்கும். நியூஜெர்சியின் பார்னகாட் விரிகுடாவில் வேட்டைக்காரன் போனது சிறு படகில். சுமை குறைய வேண்டும் என்பதற்காகத் தேவதாரு மரத்தை உள்ளே குடைந்து, அடியில் ஈயத் துண்டு பதித்துச் சமன்செய்தார்கள். அழகென்று நாம் மெச்சும் அந்தத் திரட்சியைத் தீர்மானித்தவை தண்ணீரும் படகும்தான். தனியொரு வாத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இது விளங்காது. என் மனம் எலெக்ட்ராவின் பக்கம் சாய்வது இதனால்தான்.

எனினும் ஆபியின் வழியில் ஒரு பலம் உண்டு: ஒற்றைப் பொருளை உற்று நோக்கும் பழக்கம். 1935இல் தென் கரோலினாவில் கிடைத்த ‘பழைய தோட்டம்’ என்ற நீர்வண்ண ஓவியம் அவர் திரட்டோடு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது. அதில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் ஆடுகிறார்கள். ஒருவர் சுரைக்குடுக்கையில் செய்த பாஞ்சோவை மீட்டுகிறார். வரைந்தவர் யாரென்று பல பத்தாண்டுகள் தெரியவில்லை. ஜான் ரோஸ் என்ற தோட்ட உரிமையாளர் அவர் என்று 2010இல் அங்கு நூலகராயிருந்த சூசன் ஷேம்ஸ் நிறுவினார். ரோஸ் அடிமைகளை வைத்திருந்தவர். எளிய மக்களின் கலை என்று ரசித்த படம், எஜமானின் கண்ணால் பார்த்த படமாகிவிட்டது. பெயரில்லாமை ஓர் அழகு என்று நம்பும் சேகரிப்பாளர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்றைய சந்தை ஆபியின் பிள்ளை. எல்மர் க்ரோவெல் வேட்டைக்காகச் செதுக்கிய இரண்டு மரப்பறவைகள் 2007இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒவ்வொன்றும் விலைபோயின. முதல் வண்ணம் அழியாததற்கே அங்கே மதிப்பு. மேற்பூச்சு பூசியதன் விலை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் உழைத்த வாத்துக்குப் பருவம்தோறும் புதுப்பூச்சு பூசுவது வேட்டைக்காரர்கள் வழக்கம். குறைந்த பணத்தோடு சேர்க்க வருபவருக்கு நான் சொல்வது, பலமுறை வண்ணம் பூசப்பட்டு, குண்டு துளைத்து, உரிமையாளரின் பெயரெழுத்தை அடியில் சுட்டுப் பொறித்த வாத்தைத் தேடுங்கள். வாங்கியபின் எதையும் சுரண்டாதீர்கள். எந்த ஊரில், யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை விற்பவரிடம் கேட்டு, அன்றைக்கே எழுதி அதனோடு வையுங்கள்.