குதிரை போன தடம்

போன மாதம் பேரன் தன் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பெயர். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஊர்க்காரர்களே தங்கள் தெருவையும் கண்மாயையும் கோயிலையும் வரைந்து சேர்க்கிறார்கள். "இதுல குதிரைப் பாதைக்குக்கூடத் தனி அடையாளம் இருக்கு தாத்தா" என்றான். இந்தக் காலத்தில் குதிரைக்குப் பாதை எதற்கு என்று சிரித்தேன். விசாரித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் பிரைடில்வே என்பது குதிரையில் போவதற்குப் பொதுமக்களுக்குள்ள சட்ட உரிமை. 1949-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பாதைகளை அதிகாரபூர்வமான வரைபடத்தில் குறித்தாக வேண்டும். விட்டுப்போன பழைய பாதைகளுக்கு 2000-ல் வந்த சட்டம் 2026 என்று கெடு வைத்தது. அந்தக் கெடு பிற்பாடு தள்ளிப்போனது. படத்தில் ஏறாத பாதை, பாதையே இல்லை என்றாகிவிடுமே என்று குதிரைக்காரர்கள் பழைய ஆவணங்களைத் தேடி அலைந்தார்கள்.

குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு அந்தப் பயம் புரியும். புலப்படத்தில் 'வண்டிப்பாதை' என்று இரண்டு கோடு இருக்கிறவரைதான் அது புறம்போக்கு. கவனிப்பார் இல்லையென்றால் வருஷத்துக்கு ஒரு முழமாக வரப்பு நகரும். பத்து வருஷத்தில் பாதை வயலாகிவிடும்.

நம் பக்கத்துப் பாதைகள் சாமானியமானவை அல்ல. 1689-ல் பேரனுக்காக மதுரை ஆட்சியை ஏற்ற ராணி மங்கம்மாள், சாலையும் சத்திரமும் கிணறும் நிழல் மரமுமாகச் செய்த தர்மங்களை இன்றும் சொல்கிறோம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போன பெருவழிக்கு அவர் பெயரே நிலைத்தது. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் 'மங்கம்மா சாலை' என்று ஒரு தடத்தைக் காட்டுவார்கள்.

1798-ல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை அலைக்கழித்ததும் இந்தச் சீமையில்தான். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், கமுதி என்று போகிற இடமெல்லாம் பேட்டி தர மறுத்து, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். 23 நாள், 400 மைல் என்பது சரித்திரக் கணக்கு. மறு வருடம் அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அந்த 400 மைலும் இன்று யார் காலடியில் கிடக்கிறது?

1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் வந்தது. பஞ்சும் வத்தலும் மெல்ல மெல்ல ரயிலேறின. பிறகு தார்ச்சாலையும் லாரியும் வந்தன. பழைய தடங்களில் வேலிக்கருவை மண்டியது.

மங்கம்மாள் சாலையை வரைபடத்தில் ஏற்றிவிடலாம் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். பேரன் தடுத்தான். இன்று தரையில் இருப்பதை மட்டுமே வரையலாமாம். அழிந்துபோனதற்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனி வரைபடம் உண்டு. இன்னொருவர் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கவும் கூடாது. அலுவலகத்தில்கூட இத்தனை கறார் பார்த்ததில்லை!

சரி, இருப்பதையாவது நடந்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவகாசிக்குத் தெற்கே போனோம். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கரிசல் காடு, நடுவில் வண்டித் தடம். தூரத்தில் தள்ளித் தள்ளிப் பட்டாசு ஆலை அறைகள். பெண்கள் தூக்குவாளியோடு அந்தத் தடத்தில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அங்கே எனக்கு ஹைத்தி நினைவு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளைப் படிப்பேன். 2010 ஜனவரியில் பூகம்பம் வந்தபோது தலைநகர் போர்தோபிரான்ஸுக்கு உருப்படியான வரைபடம் இல்லை. உலகெங்கும் இருந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் இதே திறந்த வரைபடத்தில் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்பு வேலைக்குப் போனவர்கள் அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் ஓர் ஆலையில் வெடித்தால், 108 வண்டி ஓட்டுநருக்கு இந்தத் தடம் தெரியுமா? தெரிந்தவர்கள் உள்ளே அல்லவா இருப்பார்கள்!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தடத்தின் பெயரைக் கேட்டேன்.

"மங்கம்மா சாலைன்னு எங்கய்யா சொல்லுவாரு. நாங்களும் அப்படித்தான் சொல்றோம்" என்றார்.

பேரன் என்னைப் பார்த்தான். உள்ளூரில் இன்று வழங்குகிற பெயரைத்தான் எழுத வேண்டும் என்பதும் அந்த வரைபடத்தின் விதி. குதிரைப் பாதை என்று போடவில்லை; குதிரை போகவில்லையே. வண்டித் தடம் என்றே வரைந்து, பெயர் இருக்கும் கட்டத்தில் 'மங்கம்மா சாலை' என்று தமிழில் எழுதினோம். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர்தான்.

உங்கள் ஊர்த் தடத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.