நிறம் மாறும் தவளைகளும் நிலைபெறும் பெயர்களும்

உயிர்களை இனங்கண்டு, வகுத்து, பெயரிடுதல் மனித அறிவின் மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாகும். தொல்காப்பியர் தமது மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்தமையைத் தமிழ் மாணவர் நன்கறிவர். தவளைக்கும் நம் முன்னோர் ஒரே பெயரோடு அமைந்தாரல்லர். தவளை, தேரை, நுணல் என்னும் பெயர்களும், வடமொழிவழி வந்த மண்டூகம் என்பதும் வழக்கில் இருந்தன. ஆயினும் ஊர் வழக்கிலுள்ள பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். உலகம் முழுவதற்கும் பொதுவான பெயரிடு முறை ஒன்று சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்பாரால் உருப்பெற்றது. அவரது நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758 ஆம் ஆண்டே விலங்குப் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டாக இன்றும் கொள்ளப்படுகின்றது. சாதிப்பெயர் ஒன்று, இனப்பெயர் ஒன்று என இரு சொற்கள். முதலில் முறைப்படி இடப்பட்ட பெயருக்கே உரிமை. ஒரே சாதிப்பெயர் இரு வேறு விலங்குச் சாதிகளுக்கு ஆகாது. அம்முறையின் சாரம் இதுவே.

இம்முறை எளிதெனத் தோன்றும். ஆனால் பெயரிடப்படும் பொருள் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளுமாயின் என் செய்வது? இவ்வினாவே மரத்தவளைகளின் வரலாற்றை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்டிவைத்தது.

வன்னி நாட்டு இல்லங்களில் அடுக்களைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையை அறியாதார் இலர். ஒருவேளை அது வெளிறிய வைக்கோல் நிறமாய்த் தோன்றும். பிறிதொருவேளை கடும் பழுப்பாய்த் தோன்றும். முதுகிற் புள்ளியுடையதும் உண்டு, இல்லாததும் உண்டு. இவையனைத்தும் பொலிபெடேற்றஸ் மகுலேற்றஸ் என்னும் ஒரே இனமே. 1830 இல் கிரே என்னும் ஆங்கில அறிஞர் இதற்குப் பெயரிட்டார். மகுலேற்றஸ் என்பதற்குப் புள்ளியுடையது என்பது பொருள். முதுகின் நிறம் மாறினும், தொடையின் பின்புறத்திலுள்ள மஞ்சட் புள்ளிகள் இதனை அறிதற்கு நம்பத்தக்க அடையாளமாகும்.

நிறம் மாறுவதன் காரணம் தோலில் உள்ளது. மஞ்சள் நிறப்பொருளைக் கொண்ட கலங்கள் மேலேயும், ஒளியைத் தெறிக்கச் செய்யும் கலங்கள் நடுவிலும், கரும்பொருளைக் கொண்ட கலங்கள் கீழேயும் அடுக்காக அமைந்துள்ளன. கரும்பொருள் கலத்தினுள் விரியும்போது உடல் கறுக்கும், சுருங்கும்போது வெளிறும். நடு அடுக்கில் தெறிக்கும் நீல ஒளி மேலுள்ள மஞ்சளினூடாக வருவதாலேயே தவளை பச்சையாகத் தோன்றுகின்றது. இறந்த தவளையை மதுசாரத்தில் இட்டால் மஞ்சட் பொருள் கரைந்து போகின்றது. பச்சை அழிந்து நீலமாகின்றது. காலப்போக்கில் அதுவும் மங்கிப் பழுப்பாகின்றது. எனவே நூதனசாலைப் புட்டியிலுள்ள தவளையின் நிறம் காட்டில் வாழ்ந்த தவளையின் நிறமன்று. பின்வரும் வரலாற்றுக்கு இவ்வுண்மையே திறவுகோலாகும்.

ஆபிரிக்காவின் நாணற்றவளைகள் இவ்விடர்ப்பாட்டுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஐப்பரோலியஸ் என்னும் அச்சாதியை 1842 இல் ராப் என்னும் ஜெர்மானியர் நிறுவினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, பரிசு நகரத்து டுமேரில், பிப்ரொன் ஆகிய இருவரும் பச்சையும் மஞ்சளும் என்னும் பொருளமைந்த விரிடிபிளேவஸ் என்ற இனத்துக்குப் பெயரிட்டிருந்தனர். இத்தவளைகளுள் இளையவை பெரும்பாலும் பழுப்பு நிறமும் கோடுகளும் உடையன. வளர்ந்த ஆண்களுட் பல அவ்வாறே இருக்க, பெண்களோ கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைப் பெறுகின்றன. ஓரிடத்தில் கோடு, மற்றோரிடத்தில் புள்ளி, வேறோரிடத்தில் சலவைக்கல் போன்ற கோலம் என இடந்தோறும் வேறுபாடு விரியும். அருகருகே ஒரே நாணலில் அமர்ந்திருக்கும் ஆணும் பெண்ணும் வெவ்வேறு பெயரோடு நூல்களில் இடம்பெறுதல் இதனால் நிகழக்கூடியதாயிற்று.

பேர்லின் நூதனசாலையைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் ஆல் 1931 இல் வெளியிட்ட பெருநூலில் இச்சாதியின் இனங்கள் மிகப் பெருகின. புட்டியிலிருந்த சில மாதிரிகளின் நிற வேறுபாட்டையே கொண்டு அவர் பல இனங்களைப் புதிதாக அமைத்தார். அவற்றுட் பல பின்னர் வேறு பெயர்களோடு இணைக்கப்பட்டன. பெல்சிய அறிஞர் ரேமன் லோரன் அவற்றைத் துணையினங்களாக ஒழுங்குபடுத்த முயன்றார். டென்மார்க்கு நாட்டு ஆர்ண ஷியோற்ஸ் என்பாரோ நீர்நிலைகளின் ஓரம் சென்று தவளைகளின் குரலைப் பதிவு செய்தார். இளமைக் கோலம், பெண்மைக் கோலம் என இரு நிறநிலைகளை வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. அவருடைய ஆய்வுகள் 1967, 1971, 1999 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. நுணல் தன் வாயாலே கெடும் என்பர் நம்மவர். ஷியோற்சின் கையிலோ அது தன் வாயாலே தன் இனத்தை நிலைநாட்டிக்கொண்டது. 2000 ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த மரபணு ஆய்வுகள், விரிடிபிளேவஸ் என ஒன்றாய் எண்ணப்பட்ட கூட்டத்துள் பல இனங்கள் உள்ளன எனவும் காட்டின.

இனி இலங்கைக்கு வருவோம். இந்நாட்டிற் பிறந்து படை மருத்துவராய்ப் பணியாற்றிய எட்வேட் பிரெடெரிக் கெலாட் 1852 இல் இலங்கை விலங்குகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இந்நாட்டுத் தவளைகளை உயிரோடு கண்டு பெயரிட்ட முன்னோடி அவர். அவருக்குப் பின் வந்த குந்தர், பூலஞ்சர் ஆகியோர் பிரித்தானிய நூதனசாலையில் இருந்தவாறே, கப்பலேறி வந்த மாதிரிகளை ஆராய்ந்தனர். 1858 ஆம் ஆண்டைத் தாங்கிய பட்டியலில் குந்தர் ஒரு சிறு புதர்த்தவளைக்கு வேரியாபிலிஸ் எனப் பெயரிட்டார். மாறுந்தன்மையது என்பது அதன் பொருள். பெயரிலேயே இடர் பொறிக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது.

சாதிப்பெயரின் கதையும் சுவை மிக்கது. இப்புதர்த்தவளைகள் முதலில் இக்ஸாலஸ் என்னும் சாதியில் வைக்கப்பட்டன. மேற்கூறிய டுமேரிலும் பிப்ரொனும் 1841 இல் இட்ட பெயர் அது. ஆனால் 1837 இலேயே ஒகில்பி என்பார் அப்பெயரை ஒரு மானுக்குச் சூட்டியிருந்தமையால், விதிப்படி தவளை அதனை இழந்தது. 1848 இல் கிஸ்டல் இட்ட பிலோட்டஸ் என்னும் பெயர் அவ்விடத்தைப் பெற்றது. 1943 இல், ஆபிரிக்கத் தவளைகளை ஆய்ந்த அதே லோரன், குந்தரின் தெம்பொராலிஸ் என்னும் இலங்கை இனத்தை மூலமாகக் கொண்டு சூடோபிலோட்டஸ் என்ற சாதியை அமைத்தார். நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த அப்பெயர் 2009 இல் மரபணு ஆய்வின் துணையால் மீண்டும் எடுத்தாளப்பட்டது. இலங்கையின் புதர்த்தவளைகளும், அவற்றுக்கு உறவான மேற்குத்தொடர்ச்சி மலையின் சிலவும் இன்று அப்பெயரையே தாங்குகின்றன.

ஏர்ன்ஸ்ட் ஆல் இலங்கை வரலாற்றிலும் இடம்பெறுகின்றார். அவர் 1927 இல் பெயரிட்ட பெர்குசோனியானஸ், சிம்மெரி, ருகேற்றஸ், மல்கம்ஸ்மிதி ஆகிய இலங்கை இனங்கள் இன்றும் செல்லுபடியாகின்றன. ஆபிரிக்காவில் மிகையாய்ப் பிரித்தவர் எனக் குறை கூறப்பட்ட அவர், இலங்கையிற் பிரித்தவற்றுள் இவை நிலைத்து நின்றன. இதனின்று பெறப்படுவது யாது? ஆபிரிக்காவில் நிறத்தை மிகையாக நம்பியதால் ஓரினம் பலவாயிற்று. இலங்கையிலோ நிறம் எப்படியும் மாறுமென்று வேறுபாடுகளைப் புறக்கணித்ததால் பல இனங்கள் சிலவற்றுள் அடங்கின. பிழைகள் எதிரெதிரானவை, காரணமோ ஒன்றே. உயிருள்ள தவளையை விட்டுப் புட்டியை மட்டும் நோக்கியமையே அது.

இலங்கைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கீர்த்திசிங்க 1957 இல் இலங்கையின் ஈரூடகவாழிகள் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அதற்குப் பின் பெரும் மாற்றம் 1993 இல் தொடங்கிய களவாய்வோடு வந்தது. உருவம், வாழிடம், குரல், மரபணு என்பன சேர்ந்து நோக்கப்பட்டன. 2002 இல் மீகஸ்கும்புரவும் அவர்தம் துணைவரும் தம் முடிபுகளை உலக அறிஞர் முன் வைத்தனர். 2005 இல் மனமேந்திர ஆராச்சி, பெத்தியாகொட ஆகிய இருவரும் ஒரே கட்டுரையில் 27 புதிய புதர்த்தவளை இனங்களை விவரித்தனர். அவ்வாண்டிலேயே மேலும் எட்டு இனங்கள் பிறிதொரு கட்டுரையில் வெளிவந்தன. இத்தவளைகள் நீரில் முட்டையிடுவதில்லை. வாற்பேய்ப் பருவமும் இவற்றுக்கு இல்லை. முட்டையிலிருந்து சிறு தவளையே நேராக வெளிப்படுகின்றது. ஆதலின் ஈரமான காட்டுத்தரையும் நிழலும் அழிந்தால் இவை தப்பிச்செல்ல வழியில்லை.

மகிழ்ச்சியோடு துயரமும் சேர்ந்தே வந்தது. பழைய மூலமாதிரிகளோடு ஒப்பிட்டபோது, பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் காட்டில் எங்கும் காணப்படவில்லை. மாறுந்தன்மையது எனப் பெயர்பெற்ற வேரியாபிலிஸ் அற்றுப்போன இனங்களின் வரிசையில் உளது. சாதிக்கே மூலமாய் அமைந்த தெம்பொராலிசும் அவ்வரிசையில் உளது. ஆல் பெயரிட்ட நான்கனுள் மூன்றும் அவ்வாறே. 2007 இல் பெயர் பெற்ற பார்டஸ், மாயா என்பனவோ பழைய புட்டிகளிலிருந்து மட்டுமே அறியப்பட்டவை. அவை அழிந்த பின்னரே பெயர் பெற்றன. வேறொன்றின் பெயருள் மறைந்து கிடக்கும் இனம் அழியும்போது, அழிந்தது என்று கூற ஒருவரும் இரார். பெயரிடுதல் வெறும் ஏட்டுப்பணி என்பார்க்கு இதுவே விடையாகும். ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 1853 இல் கெலாட் பெயரிட்ட ஸ்டெல்லேற்றஸ் என்னும் தவளை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காணப்படாதிருந்து, சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு 2013 இல் அறிவிக்கப்பட்டது.

புதிதாய் அறியப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஈரவலயத்துக்கும் மலைநாட்டுக்கும் உரியவை. உலர்வலயமும் வெறுமையானதன்று. ஆலின் பெர்குசோனியானசும், 2005 இல் பெயர்பெற்ற ரீஜியசும் உலர்நிலத்தில் வாழவல்லவை. ரீஜியஸ் என்பது அரசனுக்குரியது எனப் பொருள்படும். வன்னிப் பெருநிலத்திலோ போர் ஓய்ந்தும் எழுந்தும் 2009 மே மாதம் வரை நீடித்தது. குடிகளே இடம்பெயர்ந்து அலைந்த அக்காலத்தில், குளக்கரைத் தவளையை எண்ணுவார் யார்? பிற பகுதிகளில் இவ்வறிவு வளர்ந்த ஆண்டுகள் வன்னிக்கு இழப்பின் ஆண்டுகளாயின.

இவ்விடைவெளியை நிரப்பும் பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் ஓரங்களிலும், வயல் வரம்புகளிலும், வீட்டு வேலிகளிலும் தவளைகளின் குரல் எழுகின்றது. எந்நாள், எவ்விடம், எவ்வேளை, எத்தகைய குரல், பகலில் என்ன நிறம், இரவில் என்ன நிறம் என ஒரு மாணவன் குறிப்பேட்டில் எழுதுவானாயின், பேர்லினிலும் இலண்டனிலும் இருந்த பேரறிஞர்க்குக் கிட்டாத சான்றுகள் அவன் கைக்குக் கிட்டும். தவளையைக் கொல்லவும் வேண்டா. புட்டியில் அடைக்கவும் வேண்டா. ஒரே தவளையை இரு வேளையிலும் பார்த்து எழுதினாலே போதும்.