அஷ்டமுடியின் 1400

எவரும் நுழையலாம் என்றிருக்கும் மீன்பிடியில், வருவாய் செலவுக்குச் சமமாகும்வரை படகுகள் பெருகும். வளம் தரவேண்டிய உபரி கரைந்துபோகும். கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954இல் நிறுவிய மாதிரி இது. கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மட்டி வரலாறு அதற்கு நம் அண்மைச் சான்று.

1980களில் தென்கிழக்காசியச் சந்தை திறந்தது. 1991இல் ஆண்டு அறுவடை ஏறத்தாழ 10,000 டன்னை எட்டியது; 1993இல் பாதியாகச் சரிந்தது. அதன்பின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளையொட்டி விதிகள் வந்தன: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்ககாலத் தடை, குறைந்தது 30 மி.மீ. வலைக்கண், ஏற்றுமதிச் சரக்கில் கிலோவுக்கு 1400 மட்டிச் சதைகளுக்கு மிகாமை.

இவற்றுள் மூன்றாவதே பொருளியல் நோக்கில் நுட்பமானது. காயலில் இறங்கும் ஒவ்வொருவரையும் கண்காணிப்பது அரிது, ஏற்றுமதியாளரோ சிலரே. சிஞ்சு மட்டிக்குச் சந்தை இல்லையெனில், அதனை வளரவிடுவதே ஆதாயம். விதி நீரிலன்றி விலையில் இயங்குகிறது.

2014இல் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழ் இந்தியாவிலேயே முதன்முதலாக இம்மீன்பிடிக்குக் கிடைத்தது.

எனினும், தடைக்காலத்து மூன்று மாதங்களில் மட்டித் தொழிலாளியின் குடும்பம் இழக்கும் கூலி கார்டனின் சமன்பாட்டில் இல்லை. காப்பின் செலவை யார் சுமக்கிறார் என்பதையும் சேர்த்தெண்ணும் மாதிரியே முழுமையானது.