செத்த பல் சொல்லும் சேதி

"பூச்சி போய்விட்டது. இனி வலிக்காது."

சந்தைக் கூட்டத்திலே, திருவிழாத் திடலிலே, தரையில் துணி விரித்து அமர்ந்து பல்லில் பூச்சி எடுப்பவர் வழங்கும் தீர்ப்பு இது. எதிரே குந்தியிருப்பவர் மூன்று இரவுகளாகக் கண் மூடாத உழவர். கண்டங்கத்திரி விதை தணலில் விழுகிறது, புகை எழுகிறது, குழலின் வழியே அது வாய்க்குள் செலுத்தப்படுகிறது. பின்னர் ஒரு கிண்ணத்து நீர் காட்டப்படுகிறது. அதிலே வெள்ளை வெள்ளையாய்ச் சிறு துணுக்குகள்! "இதோ, உன்னை வாட்டிய புழுக்கள்!" என்கிறார். காசு கை மாறுகிறது. சில நாட்களில் வலியும் நின்று விடுகிறது. உழவர் ஊர் திரும்பிப் பத்துப் பேரிடம் அந்தக் கைராசியைப் புகழ்கிறார்.

வலி நின்றது மெய். புழு வந்தது பொய். மெய் எப்படித் தோழர்களே பொய்க்குச் சாட்சியாயிற்று? இவ்வினாவுக்கு விடை காண முயன்றால், ஒரு பல்லின் வரலாறு விளங்கும். மூடநம்பிக்கை எதை உண்டு உயிர் வாழ்கிறது என்பதும் விளங்கும்.

பற்புழுவின் கதை நம் நாட்டில் மட்டும் பிறந்ததன்று. பாபிலோன் நாட்டுக் களிமண் பலகை ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகம் படைக்கப்பட்ட கதையோடு தொடங்கும் அந்தப் பலகை, புழு ஒன்று கடவுளிடம் சென்று உணவு கேட்டு அழுததாகக் கூறுகிறது. கனிகளைத் தருவதாகக் கடவுள் சொன்னாராம். புழு அவற்றை வேண்டாமென்று, மனிதனின் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கேட்டதாம்! அந்தப் புழுவை ஒழிக்கும்படி தெய்வத்தை வேண்டும் மந்திரமும் அதிலேயே உண்டு. வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதையிலும் சொத்தைப் பல்லுக்குக் 'கிருமிதந்தகம்' என்று பெயர். கிருமி என்ற சொல்லுக்கு அன்று புழு என்பதே பொருள்.

ஐரோப்பா மட்டும் விதிவிலக்கோ? இல்லை. அலெக்சாந்திரியாவில் 249ஆம் ஆண்டு பற்கள் உடைக்கப்பட்டு உயிர்நீத்த அப்பொலோனியா என்னும் மாதைப் பல்வலி தீர்க்கும் புனிதராக்கி, அவர் படத்தின்முன் மண்டியிட்டது அக்கண்டம். அங்கும் சந்தையில் பூச்சி எடுப்பவர் இருந்தார். அவர் தணலில் இட்டது குரோசாணி ஓமத்தின் விதை. அதுவும் நம் கண்டங்கத்திரியும் ஒரே கத்தரிக் குடும்பத்துச் செடிகள். கடல் கடந்தும் மாறாத ஒரே சடங்கு!

ஆனால், கேள்வி கேட்டோரும் அங்கே தோன்றினர். மூலிகை நூல் எழுதிய ஜான் ஜெரார்டு என்னும் ஆங்கிலேயர், 1597ஆம் ஆண்டிலேயே குட்டை உடைத்தார். சில எத்தர்கள் இசைக் கருவியின் நரம்புத் துணுக்குகளை நீரிலே நழுவவிட்டு, அவற்றைப் புழுக்கள் என்று காட்டி ஏய்க்கின்றனர் என அவர் எழுதினார். பல் மருத்துவத்தைத் தனி அறிவுத் துறையாக்கிய பிரெஞ்சு மருத்துவர் பியேர் போஷார், 1728இல் வெளியிட்ட தம் நூலில், உருப்பெருக்கி கொண்டு தேடியும் தாம் பற்புழுவைக் கண்டதில்லை என்றார். 1757இல் ஜெர்மனியின் ஷேஃபர், நீரில் மிதப்பவை சூடுபட்டு வெடித்த விதையின் முளைக்கருக்களே என்று விளக்கினார். அவர் ஒரு பாதிரியார் என்பதை நினைவிற் கொள்க. கண்ணால் கண்டதைச் சொல்லும் துணிவு இருந்தால், அங்கி அணிந்தவரும் ஆராய்ச்சியாளர் ஆகலாம்.

புழு இல்லையென்றால் பல்லை அரிப்பது எது? பெர்லினில் ஆய்வு நடத்திய அமெரிக்கர் மில்லர், 1890இல் விடை தந்தார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது என்றார். 1965இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் இன்னும் ஒரு படி சென்றனர். நுண்ணுயிரே அண்டாத சூழலில் வளர்த்த எலிகள் ஒருபுறம், சாதாரண எலிகள் மறுபுறம். இருவகை எலிகளின் பல்லையும் துளைத்து உட்பகுதியைத் திறந்துவிட்டனர். சாதாரண எலிகளின் பற்கள் செத்தன. நுண்ணுயிர் அண்டாத எலிகளின் பற்களோ தாமே புண்ணாற்றிக்கொண்டன! கெட்ட நேரமும் கிரகமும் அந்த எலிக் கூண்டின் பக்கமே வரவில்லை.

பல் சாவது எவ்வாறு? பல் வெறுங் கல்லன்று. மேலே பற்சிப்பி, அது உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனடியில் எலும்பை ஒத்த டென்டைன். அதற்கும் உள்ளே ஒரு சிற்றறை. அந்த அறையிலே பற்கூழ் என்னும் மென்மையான உயிர்ப் பகுதி. குருதிக் குழாய்களும் நரம்புகளும் வேரின் நுனியிலுள்ள மிகச்சிறு துளை வழியே அதனுள் நுழைகின்றன. சொத்தை அந்த அறையை எட்டியதும் பற்கூழ் அழற்சி கொள்கிறது. கையிலே புண் வந்தால் சதை வீங்க இடமுண்டு. பல்லுக்குள்ளோ நாற்புறமும் கற்சுவர். வீங்க வழியில்லை, அழுத்தம் ஏறுகிறது, நரம்பு துடிக்கிறது. சுடுநீர் பட்டாலும் குளிர்நீர் பட்டாலும் நெடுநேரம் நீங்காத வலி. படுத்தால் இன்னும் கொடிய வலி. இறுதியில் குருதியோட்டம் நிற்கிறது. பற்கூழ் சாகிறது. செத்த நரம்பு செய்தி அனுப்புமா? அனுப்பாது. வலி நின்று விடுகிறது!

இப்போது விளங்குகிறதன்றோ? உழவரின் வலி நின்றது புழு போனதால் அன்று. பல்லின் உயிர் போனதால். எவர் எந்த மந்திரம் சொல்லியிருந்தாலும், ஒன்றுமே சொல்லாதிருந்தாலும், அந்த வலி நின்றேயிருக்கும். இயற்கை செய்த சாவைத் தன் வெற்றியென்று கணக்கெழுதிக்கொண்டார் பூச்சி எடுப்பவர். அவரையும் முழுதாகக் குறை சொல்வதற்கில்லை. தம் பாட்டன் சொன்னதை நம்பிச் செய்தவர்களும் அவர்களுள் உண்டு. நோயாளி நம்பினார், அவர் நம்பியதைக் கண்டு மருத்துவரும் நம்பினார். இப்படித்தான் மடமை மூவாயிரம் ஆண்டு வாழ்ந்தது.

தீப்பற்றிய வீட்டிலிருந்து வந்த கூக்குரல் ஓய்ந்தால், தீ அணைந்துவிட்டது என்றா பொருள்? வலி ஓய்ந்த பல்லினுள்ளே அழுகல் தொடர்கிறது. நுண்ணுயிர்கள் வேர் நுனியைக் கடந்து தாடை எலும்பைத் தாக்குகின்றன. அங்கே சீழ் கட்டுகிறது. பல் சாம்பல் நிறமாகவோ, பழுப்பாகவோ, கருமையாகவோ மாறலாம். ஈறிலே சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து சீழ் வடிந்து, மீண்டும் தோன்றலாம். வாயில் கெட்ட சுவையும் நாற்றமும் இருக்கலாம். கடிக்கும்போது வலிக்கலாம், முகம் வீங்கலாம். இவற்றில் எதுவுமே வெளித்தெரியாமல், எக்ஸ் கதிர்ப் படத்தில் மட்டும் நோய் சிக்குவதும் உண்டு. கீழ்த்தாடைப் பல்லின் சீழ் நாவின் அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுப் பாதையே அடைபடும். ஜெர்மன் மருத்துவர் லுத்விக் 1836இல் விவரித்த கொடிய நோய் அது. வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, காய்ச்சல், கழுத்து வீக்கம் ஆகியன கண்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சொத்தை மட்டுமே பல்லைக் கொல்வதில்லை. அடியும் கொல்லும். தச்சன்குறிச்சியிலும் விராலிமலையிலும் சல்லிக்கட்டுக் களத்தில் இறங்கும் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் காளையர் இதைக் கேட்க வேண்டும். முன்பல்லில் ஓர் அடி. பல் உடையவில்லை, ஆடவுமில்லை. "ஒன்றுமில்லை" என்று துடைத்துக்கொண்டு போகிறோம். ஆனால் வேர் நுனியில் குருதிக் குழாய் அறுந்திருக்கக்கூடும். மாதங்கள் கழித்து, ஏன், ஆண்டுகள் கழித்துக்கூட அந்தப் பல் நிறம் மாறும். பல்லில் விரிசல், முற்றிய ஈறு நோய் ஆகியனவும் இதே முடிவைத் தரும்.

செத்த பல்லைப் பிடுங்கி எறிவதே வழியென்று பன்னெடுங்காலம் கருதினர். அந்த வழியை மாற்றியது மனிதனின் கைத்திறன். 1838இல் எட்வர்டு மேனார்டு என்னும் அமெரிக்கர், கடிகாரச் சுருள்வில்லைத் தேய்த்து, வேர்க் குழலுக்குள் நுழையும் கருவியாக்கினார். மலேயாக் காட்டு மரத்தின் பாலாகிய 'கட்டாபெர்ச்சா', பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வேரை அடைக்கும் பொருளாயிற்று. 1895இல் இரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டே ஒட்டோ வால்கோஃப் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்காக அவர் 25 நிமிடம் அசையாதிருக்க நேர்ந்தது! 1905இல் நோவகைன் என்னும் மரப்பு மருந்து வந்து வலியை வென்றது.

இன்றைய வேர்ச் சிகிச்சை இவற்றின் கூட்டு விளைவே. மரத்துப் போகச் செய்து, பல்லைத் திறந்து, அழுகிய கூழை அகற்றி, வேர்க் குழல்களைச் செதுக்கிக் கழுவி, இடைவெளியின்றி அடைத்து, மேலே உறையிட்டு மூடுகிறார்கள். உயிரற்ற பல் பல்லாண்டு உழைக்கிறது. காக்க முடியாத நிலையிலேதான் பிடுங்கல். மருந்துக் கடையில் மாத்திரை மட்டும் வாங்கி விழுங்கினால் போதாதா என்பார் உண்டு. மாத்திரை செல்வது குருதியின் வழியே. குருதியோட்டமே நின்றுபோன பல்லுக்குள் அது எவ்வாறு புகும்?

அறிவியல் தவறு செய்ததே இல்லையா? செய்தது. 1910இல் வில்லியம் ஹன்டர் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர், உடலின் பல நோய்களுக்கும் வாயின் அழுகலே ஊற்று என்று முழங்கினார். அதைக் கேட்டுப் பிடுங்கத் தேவையில்லாத பற்களை எல்லாம் பிடுங்கித் தள்ளினர் மருத்துவர்கள். ஆனால், அந்தக் கொள்கையையும் ஆய்வுக் கூண்டில் ஏற்றினர் பிற்கால ஆய்வாளர். பல் போன பின்னும் நோய் போகவில்லை என்று கண்டனர். சில பத்தாண்டுகளில் அக்கொள்கை வீழ்ந்தது. புழுக் கதையோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்தது. பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னது தன் பிழையைத் தானே தேடும், பின்னது தேடுபவனைத் தண்டிக்கும்.

இன்னொரு பேதைமையும் நம் வீடுகளில் உலவுகிறது. மேற்பல்லைத் தொட்டால் கண் போய்விடுமாம்! பார்வையை மூளைக்கு எடுத்துச் செல்வது கண்ணுக்கென்றே அமைந்த பார்வை நரம்பு. பல்லின் உணர்வை எடுத்துச் செல்வது முற்றிலும் வேறொரு நரம்பு. இந்த வீண் அச்சத்தால் அழுகும் பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு வாடும் தாய்மார் எத்தனை பேர்!

புதுக்கோட்டைக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 1904ஆம் ஆண்டு இவ்வூர் மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர விரும்பியபோது, பெண் நுழைந்தால் கல்லூரி கெட்டுவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் தரச் செய்தார். அந்தப் பெண்ணே 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கேட்டைக் கண்டு அஞ்சியோர் பெயர் மறைந்தது; கதவைத் தட்டியவர் பெயர் நின்றது.

1948இல் புதுக்கோட்டை மன்னராட்சி முடிந்து, இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தோன்றியது. நெடுங்காலம் அரசு பல் மருத்துவக் கல்லூரி என்றாலே சென்னைதான்; இங்கிருந்து முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால்! வசதி படைத்தவர் பல்லைக் காத்துக்கொண்டார், கூலியாள் பிடுங்கிக்கொண்டார். வேர்ச் சிகிச்சைக்குப் பலமுறை வந்து போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பல்லிலும் உயர்வு தாழ்வு! 2023 நவம்பரில் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலேயே சட்டமாகி, பல் மருத்துவப் படிப்புக்கும் பொருந்துகிறது. பூச்சி எடுப்பவர் முன் குந்தியிருந்த உழவரின் பேத்தி, நாளை அதே ஊரில் எக்ஸ் கதிர்ப் படத்தை ஏந்தி உண்மையை விளக்கலாம்.

கட்டடம் எழுந்துவிட்டது. அங்கே மக்களை அழைத்துச் செல்வது நம் பணி. வீட்டில் தாயோ தந்தையோ, "முன்பு வலித்தது, இப்போது வலியில்லை" என்று சொன்னால், அதை மகிழ்ச்சிச் செய்தியாக எண்ணற்க. வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நிறம் மாறிய பல் உண்டா, ஈறிலே கொப்புளம் உண்டா என்று தேடுங்கள். இருந்தால், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வலி ஓர் எச்சரிக்கை. வலியற்ற நிலை எப்போதும் நலமன்று. பன்னூறு ஆண்டு இழிவைச் சுமந்து, "எமக்கு வலிக்கவில்லை" என்று சொல்லப் பழகிய சமுதாயத்தையும் நாம் கண்டிருக்கிறோம். அதற்கு உணர்ச்சியூட்ட எத்தனை பேர் எத்தனை ஆண்டு ஊர் ஊராய்ப் பேச வேண்டியிருந்தது! பல்லுக்குள் செத்த நரம்பை எவராலும் எழுப்ப முடியாது. மக்கள் உள்ளத்தில் மரத்துப்போன வினாவையோ எழுப்ப முடியும். அடுத்த சந்தையில் அந்தக் கிண்ணத்தைக் கண்டால், நீரிலே மிதக்கும் துணுக்கு ஒன்றை எடுத்து, உருப்பெருக்கியில் வைத்து, கூடி நிற்போர் அனைவருக்கும் காட்டுங்கள்.